கழிமுகத்தில் சிப்பி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது தூத்துக்குடி. வாழ்க்கைப்பட்டது எர்ணாகுளம் மாவட்டம் வடக்கு பறவூர் பக்கம், மூத்தகுன்னத்துக்கு அருகே. பெரியாற்றின் ஒரு கிளை முனம்பத்தில் கடலோடு சேருமிடத்துக்குக் கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. தினமும் ஏற்றமும் இறக்கமுமாக உப்புத் தண்ணீர் வந்து போகும் இடம். எங்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஒரு சுயஉதவிக் குழுவாக உண்ணும் சிப்பி வளர்க்கிறோம். இங்கே இதை முரிங்ஙா என்பார்கள். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களும், போனில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

யக்கா, சிப்பின்னா முத்து எடுக்கிறதா? ஒரு முத்தாவது கெடைக்குமா?

கிடைக்காது. முத்துச் சிப்பி வேறு இனம். அது மன்னார் வளைகுடாவில் ஆழத்தில், பார் என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகளில் கிடப்பது. நம் தூத்துக்குடியில்தான் 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்தியாவில் முதன்முதலாக வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். அதனால் நம் ஊரில் சிப்பி என்றதும் முத்து நினைவுக்கு வருவது இயல்பு.

நாங்கள் வளர்ப்பது சாப்பிடுகிற சிப்பி. கழிமுகத்தில், பாலத்தூணிலும் கருங்கல்லிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடக்குமே, கால் வைத்தால் அறுத்துவிடுமே, அதுதான். ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். முத்துச் சிப்பிக்கு உள்ள வானவில் மினுமினுப்பு இதற்குக் கிடையாது. அபூர்வமாக உள்ளே ஒரு மணி உருண்டிருந்தாலும் அது மங்கலான சுண்ணாம்புக் கல்தான். விலை போகாது. இதில் காசு சதைக்குத்தான்.

தீனி என்ன போடுவீங்க மதினி? மாசம் எவ்வளவு செலவாகும்?

தீனிச் செலவு ஒரு பைசா கிடையாது. இறால் பண்ணை வைத்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். சிப்பி தண்ணீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசித் துகள்களைச் செவுளில் வடித்துத் தின்றுவிட்டு, மிச்சத் தண்ணீரை வெளியே விடுகிறது. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லிட்டர் வடிக்கும். ஏற்றத்தோடு தீனி வருகிறது, இறக்கத்தோடு கழிவு போகிறது. மருந்து கிடையாது, காற்றடிக்கும் இயந்திரம் கிடையாது.

ஆனால் தீனி போடாததால் செலவில்லாத தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். மூங்கில், கயிறு, படகு, கூலி, கடைசியில் சதையெடுக்கும் வேலை எல்லாம் இருக்கிறது. தீனியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதும் முக்கியம். தண்ணீரில் எது வருகிறதோ அதைத்தான் சிப்பி தின்னும். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் அதன் வயிற்றுக்குள் போகும். கீழே சுத்தம் பற்றி நீளமாக எழுதியிருப்பது அதனால்தான்.

அப்ப குஞ்சு எங்க வாங்குவீங்க?

வாங்குவதில்லை, பிடிக்கிறோம். சிப்பி முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடும். பொரித்த குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரியும். பிறகு ஒட்டுவதற்குக் கெட்டியான இடம் தேடும். ஒருமுறை ஒட்டிவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேதான். அந்தச் சமயம் பார்த்து நாம் பழைய சிப்பி ஓடுகளைத் தொங்கவிட்டால் அதில் வந்து ஒட்டும். மற்ற எதையும் விட சிப்பி ஓட்டில்தான் அதற்கு இஷ்டம் அதிகம்.

குஞ்சு பொரிப்பகத்தில் உண்டாக்கவும் முடியும். தூத்துக்குடி ஆராய்ச்சி மையத்தில் 1980களிலேயே செய்து காட்டினார்கள். ஆனால் எங்களைப் போன்ற சின்னப் பண்ணைக்கு ஆற்றில் இயற்கையாக வருகிறதே போதும்.

பந்தல் பந்தல்னு சொல்றீங்களே, அது எப்படி இருக்கும்?

தண்ணீருக்குள் மூங்கில் அல்லது சவுக்குக் கழிகளை மீட்டருக்கு ஒன்றாக ஊன்றி, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கழி கட்டினால் பந்தல். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு பந்தல் என்று கணக்கு. அதில் சுமார் நூறு சரம் தொங்கவிடலாம். ஒரு சரம் என்பது ஒரு நைலான் கயிற்றில் ஐந்தாறு பழைய ஓடுகள். ஓட்டின் நடுவில் துளை போட்டு, ஒன்றுக்கொன்று ஒரு சாண் அளவு இடைவெளி விட்டு முடிச்சுப் போடுவோம். தூத்துக்குடி மையத்தில் 1970களில் உருவாக்கிய முறை இது. 1990களில் கொல்லத்துக்கு அருகே உள்ள அஷ்டமுடிக் காயலில் (காயல் என்றால் கடலோடு சேர்ந்த உப்பங்கழி) செய்து பார்த்து, பிறகு இந்தப் பக்கமெல்லாம் பரவியது. இங்கே சத்தார் தீவில் பெண்கள் குழுக்கள் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள்.

இடம் பார்க்கும்போது ஆழத்தை இறக்க நேரத்தில் அளக்க வேண்டும். கொச்சிப் பக்கம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அதிகபட்சம் ஒரு மீட்டர்தான் வித்தியாசம் என்றாலும் அது போதும், ஏமாற்றுவதற்கு. தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்திலும் ஒன்றரை மீட்டர் நிற்க வேண்டும். கடைசி ஓடு சேற்றைத் தொடக்கூடாது. தொட்டால் சிப்பி மூச்சடைத்துச் சாகும், நண்டுக்கும் ஏறிவர வழியாகிவிடும். படகு போகிற தடத்திலும் சீனவலைக்கு முன்னாலும் பந்தல் போடாதீர்கள். ஊர்ச்சண்டை வரும்.

ஓட்டுல ஒட்டினது சிப்பிதானா வேற எதுவுமான்னு எப்படித் தெரியும்?

முதல் வருஷம் எல்லோரும் திணறுகிற இடம் இது. சரத்தைக் கட்டிப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒன்றைத் தூக்கி, ஓட்டைத் தண்ணீரில் அலசி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். தவிட்டு நிறத்தில், தட்டையாக, கடுகளவோ மிளகளவோ வட்டப் புள்ளிகள் ஓட்டோடு ஓடாகப் படிந்திருந்தால் அது சிப்பிக் குஞ்சு. விரலால் தடவினால் ஓரம் மட்டும் மெல்லிசாகக் கீறும். சின்ன எரிமலை மாதிரி கூம்பாக நிமிர்ந்து, உச்சியில் வாய் திறந்திருந்தால் அது கொட்டலசு. படகின் அடியில் வெள்ளையாக ஒட்டுவதும் அதுதான். நார் விட்டுத் தொங்கிக்கொண்டு, இழுத்தால் கையோடு வந்துவிடுவது கல்லும்மக்காய் என்கிற மட்டி வகையின் குஞ்சு.

ஒரு ஓட்டில் பத்துப் பன்னிரண்டு சிப்பிக் குஞ்சு இருந்தால் நிறைவு. ஐம்பது அறுபது ஒட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். இடத்துக்கு அடித்துக்கொண்டு எல்லாமே ஒல்லியாக வளரும். நெருக்கமாக இருப்பதில் சிலவற்றைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

நவம்பர்ல கட்டி மே மாசம் எடுத்தாகணும்னு ஏன் இவ்வளவு கறாரு? வருஷம் பூரா வளர்க்கக் கூடாதா?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆறு முழுக்க மலைத் தண்ணீராகிவிடும். எங்கள் வாசலில் அந்த மாதங்களில் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பே தெரியாது. சிப்பிக்கு உப்பு வேண்டும். கடலின் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். சிப்பி பத்து கிராமுக்கு மேல் இருந்தால் சமாளிக்கும், பதினைந்து இருபதுக்கு மேல் போனால் நன்றாக வளரும். நல்ல தண்ணீர் வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் காத்திருக்கும். உள்ளே இருக்கிற உப்பு நீரை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். வெள்ளம் வாரக்கணக்கில் நின்றால் அதுவும் கைவிட்டுவிடும். வாய் பிளந்த ஓடுகள்தான் மிஞ்சும். அதோடு மழைத் தண்ணீர் சேற்றையும் ஊர்க் கழிவையும் சேர்த்து அடித்துக்கொண்டு வரும்.

மழை ஓய்ந்து, நவம்பரில் கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கும்போது தாய்ச் சிப்பிகள் முட்டை விடும். குஞ்சு ஒட்டும் காலம் அப்போது தொடங்கி ஜனவரி வரை இருக்கும். டிசம்பரில் ஒட்டியது மே மாதத்துக்குள் ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, சதையும் கொழுத்திருக்கும். ஆக ஆறு மாதம்தான் நம்முடையது. மே கடைசியில் 'இன்னும் கொஞ்சம் பருக்கட்டும்' என்று விட்டுவைக்கும் ஆசை வரும், விட்டுவைக்காதீர்கள். இடியோடு கோடைமழை வலுக்கத் தொடங்கினால் நாங்கள் தேதி பார்ப்பதில்லை, சரத்தைத் தூக்கிவிடுவோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீக்கிரம் கட்டினால் நல்லது என்று அக்டோபரிலேயே சரம் கட்டுகிறவர்கள் உண்டு. சிப்பிக் குஞ்சு வருவதற்குள் ஓட்டின் மேல் வண்டலும் கொட்டலசும் ஏறிவிடும். ஒட்ட இடமில்லாமல் போகும். இந்தத் தொழிலின் பாதித் திறமை, சரம் கட்டும் வாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

உப்பு எவ்வளவுன்னு நாக்குல வச்சுப் பார்த்தா போதாதா?

பழகியவர்கள் நாக்கில் வைத்தே சொல்வார்கள், எங்கள் அத்தையும் சொல்வார். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவியை வாங்கிக்கொள்வதே நல்லது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தில் கண்ணில் வைத்துப் பார்த்தால் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு.

எப்போது எடுக்கிறீர்கள் என்பது கருவியை விட முக்கியம். ஏற்றத்தின் உச்சியில் எடுத்த தண்ணீர் பொய் சொல்லும், ஏனென்றால் அது கடல்நீர். இறக்கத்தின் கடைசியில், சரம் தொங்கும் ஆழத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். நல்ல தண்ணீர் எடை குறைவு, மேலாக ஓடும். உப்புத் தண்ணீர் அடியில் தங்கும். மேல்தண்ணீரை மட்டும் பார்த்துப் பயந்து சரத்தை அறுத்தவர்களும் இருக்கிறார்கள், அடித்தண்ணீரை மட்டும் பார்த்து இருந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வருஷக் கணக்குப் புத்தகம் கையில் இருந்தால் சரம் கட்டும் வாரம் தானாகப் புரியும்.

தினமும் தண்ணியில எறங்கணுமா? எனக்கு முட்டி வலி இருக்கு.

தினமும் வேண்டாம். பந்தல் போடும்போதும் சரம் கட்டும்போதும் அறுவடையின்போதும்தான் கடும் வேலை. நடுவில் வாரம் ஒருமுறை படகில் போய்ச் சரங்களைத் தூக்கிக் குலுக்கி, சேற்றை அலசி, அறுந்ததைக் கட்டினால் போதும். ஆனால் நாள் போகப் போகச் சரம் கனக்கும். ஏப்ரலில் நனைந்த சரம் ஒன்றைத் தூக்க இடுப்பில் பலம் வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் கரையில் ஓடு துளைப்பதும் சதையெடுப்பதும் செய்யலாம். எங்கள் குழுவில் வயதானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், கூலி ஒன்றுதான்.

கையுறையும் காலுக்கு ரப்பர் செருப்பும் இல்லாமல் இறங்காதீர்கள். சிப்பி ஓட்டின் புது ஓரம் சவரக் கத்தி. வெட்டு சின்னதாக இருந்தாலும் கழிமுகத் தண்ணீர் பட்ட புண் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவந்து வீங்கினால், முக்கியமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நண்டு, சங்கு, திருடன்: இதுல எது பெரிய தொல்லை?

மூன்றும் உண்டு. நண்டு குஞ்சுச் சிப்பியின் ஓட்டை உடைத்துத் தின்னும். சதைதின்னும் சங்குகள் வாயைத் திறக்கவைத்துத் தின்னும். சரம் தரையைத் தொடாமல் இருந்தாலே இரண்டும் பெருமளவு குறையும். வாராந்தர அலசலில் கண்ணில் படுகிற சங்கைப் பொறுக்கி எடுங்கள், அதன் முட்டைக் கொத்தையும் சேர்த்து.

சில வருஷமாக வந்திருக்கிற புதுத் தொல்லை ஒன்று, 'வரத்தன் கக்கா'. தென் அமெரிக்கப் பக்கத்து மட்டி இனம். அஷ்டமுடியில் முரிங்ஙாவும் கல்லும்மக்காயும் இருந்த இடங்களைப் பாய் விரித்தாற்போல மூடிவிட்டது. கொச்சிக் காயல்களிலும் இருக்கிறது. கருப்பாக, விரல்நுனி அளவில், நூல் விட்டு அடர்த்தியாக ஒட்டும். சரத்தில் இதைக் கண்டால் வளரட்டும் என்று விடாமல் சுரண்டி எடுத்துக் கரையில் கொட்டுங்கள். திரும்ப ஆற்றில் வீசாதீர்கள்.

திருட்டுக்கு மருந்து பக்கத்து வீடுகளோடு சேர்ந்து செய்வதுதான். தனியாக ஒருவர் ஒதுக்குப்புறத்தில் போட்ட பந்தல் விடியற்காலையில் காலியாவது நடக்கிறது. நாலு வீட்டுப் பந்தல் ஒரே வரிசையில், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்தால் யாரும் நெருங்குவதில்லை.

ஒரு பந்தல்ல எவ்வளவு தேறும்? இதை வச்சே குடும்பம் நடத்த முடியுமா?

ஒரு சரத்தை அறுவடையில் தூக்கினால் ஓட்டோடு ஐந்தாறு கிலோ இருக்கும். நூறு சரத்துக்கு ஐந்நூறு அறுநூறு கிலோ. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பெரும்பகுதி ஓடு. சதை நூற்றுக்கு எட்டிலிருந்து பத்துதான் வரும். ஆக, நல்ல வருஷத்தில் ஒரு பந்தலுக்கு நாற்பது ஐம்பது கிலோ சதை. நீங்கள் இருக்கிற ஊரில் சதை கிலோ என்ன விலை போகிறது என்று விசாரித்து, மூங்கிலும் கயிறும் கூலியும் கழித்துப் பாருங்கள். மூங்கில் ஒன்றிரண்டு பருவம் தாங்கும், கயிறு அதற்கும் கூடுதலாக.

இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆண்டில் ஒரே ஒருமுறை, மே மாதத்தில் கைக்கு வருகிற பணம் இது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் வருகிறது என்பதால் எங்கள் வீடுகளில் பெரிய உதவி. மற்ற மாதங்களுக்கு மீன்பிடியோ வேறு வேலையோ இருக்க வேண்டும். முதல் வருஷம் ஒரே ஒரு பந்தல் போடுங்கள். ஆறு எப்படிப்பட்டது என்று தெரிந்த பிறகு பெருக்கலாம். கடன் வாங்கிப் பத்துப் பந்தலில் தொடங்காதீர்கள்.

வெளிநாட்டுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பச்சையா முழுங்குறாங்களே, நாமளும் சாப்பிடலாமா?

ஆற்றிலிருந்து எடுத்த கையோடு பச்சையாகச் சாப்பிடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் காயல்களின் இருகரையிலும் வீடுகள், கழிவறைகள். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது சிப்பி வயிற்றில் சேர்ந்திருக்கும். வயிற்றுப்போக்குக் கிருமி, வைரஸ், வெதுவெதுப்பான உப்புநீரில் தானாகவே வாழும் விப்ரியோ கிருமிகள் எல்லாம் வரலாம். எலுமிச்சைச் சாறு இதில் எதையும் கொல்லாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் எங்கே போனாலும் பச்சைச் சிப்பியைத் தொடவே வேண்டாம்.

உயிரோடு விற்பதற்குச் சுத்திகரிப்பு வேண்டும். ஓட்டை நீர்பீய்ச்சி அலசி, வடிகட்டிக் கிருமி நீக்கிய உப்புத் தண்ணீர் தொட்டியில், தரையில் படாமல் தட்டின் மேல் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். சிப்பி தன்பாட்டுக்கு அந்தச் சுத்தமான உப்புத் தண்ணீரை இழுத்து இழுத்து வயிற்றைக் காலி செய்துகொள்ளும். தட்டின் மேல் வைப்பது, கழித்தது அடியில் விழுந்தால் மறுபடி அதையே இழுக்காமல் இருப்பதற்காக. தொட்டித் தண்ணீரின் உப்பு ஆற்றின் உப்போடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வாயையே திறக்காமல் இருக்கும், நாம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். குழுவாகச் சேர்ந்துதான் இப்படி ஒரு தொட்டி வைக்க முடியும். தொட்டி வசதி இல்லையென்றால் அவித்துச் சதையெடுத்து விற்பதே நேர்மையான வழி.

சுத்தம் பண்ணிட்டா எல்லா விஷமும் போயிடும்தானே?

போகாது. மேலே சொன்ன தொட்டி பாக்டீரியாவைக் குறைக்கும். வைரஸை முழுதாக நீக்குவதில்லை. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சதைக்குள்ளேயே சேர்ந்துவிட்டவை. இரண்டு நாள் சுத்தமான தண்ணீருக்கு அவை அசையாது.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது பாசி விஷம். சில நேரம் கடலில் விஷப் பாசி பெருகும். சிப்பியும் மட்டியும் அதைத் தின்று தாங்கள் நன்றாகவே இருக்கும், அவற்றைத் தின்றவர்களுக்கு உதடு மரத்து, கைகால் இழுத்து, மூச்சு நின்றுபோகும். 1981இல் தமிழ்நாட்டில் வாயலூரில் மட்டி தின்றவர்களும், 1997இல் கேரளத்தில் விழிஞ்ஞத்தில் கல்லும்மக்காய் தின்றவர்களும் அப்படி இறந்திருக்கிறார்கள். கொதிக்கவைத்தாலும் இந்த விஷம் போகாது. ஆகவே தண்ணீர் திடீரென்று சிவப்பாகவோ பச்சைக் கஞ்சியாகவோ நிறம் மாறினால், மீன்கள் மிதந்தால், அறுவடையை நிறுத்திவிட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கோ மீன்வளத் துறைக்கோ சொல்லுங்கள். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று பார்க்காதீர்கள்.

பெரியாத்துல மீனெல்லாம் செத்து மிதந்துச்சே டிவியில, அந்தத் தண்ணியில வளர்ந்ததையா விக்கிறீங்க?

2024 மே மாதத்தில் நடந்ததைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதைக் கேட்டு எங்களுக்குக் கோபம் வரக்கூடாது. ஆலுவாவில் பெரியாறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஏலூர், எடையாறு தொழிற்பேட்டைகளை ஒட்டி வராப்புழை பக்கம் போகிறது, இன்னொன்று முனம்பத்துக்கு வருகிறது. அந்த மே மாதம் கூண்டு மீன்கள் கூட்டமாகச் செத்தது முதல் கிளையில்.

அதற்காக எங்கள் பக்கம் தூய்மையானது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. காயல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலப்பவை. சதையைச் சோதனைச்சாலையில் கொடுத்து உலோகமும் கிருமியும் பார்த்த சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களிடம் மட்டும் அல்ல, யாரிடம் வாங்கினாலும் கேளுங்கள். கேட்கிற வாடிக்கையாளர் கூடினால்தான் சோதனை வசதியும் கூடும், ஆற்றில் கழிவு விடுகிறவர்கள் மேல் அரசுக்கு அழுத்தமும் கூடும். ஆறு கெட்டால் முதலில் அழிவது எங்கள் பிழைப்பு. சிப்பிக்கு ஓடிப்போகக் கால் கிடையாது.

சிப்பி தண்ணியச் சுத்தப்படுத்தும்னு சொல்றாங்க. அப்ப நெறைய வச்சா ஆறே சுத்தமாயிடுமா?

கலங்கலைக் குறைக்கும், பாசியைக் குறைக்கும். பந்தலுக்கடியில் கரிமீனும் இறால் குஞ்சும் ஒதுங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் சாக்கடைக்குச் சிப்பி மாற்று ஆகாது, அப்படிச் சொல்லி யாரையும் ஏமாற்றக் கூடாது. அளவுக்கு மீறி நெருக்கிப் பந்தல் போட்டால் கழிவு அடியில் படிந்து சேறு கறுத்து நாறும், நீரோட்டமும் தடைபடும். பந்தலுக்கும் பந்தலுக்கும் நடுவே படகு தாராளமாகப் போகிற இடைவெளி விடுங்கள்.

எப்படிச் சமைப்பீங்க? வழவழன்னு இருக்குமே.

அதிகம் வேகவைத்தால் ரப்பர், குறைவாக வேகவைத்தால் வழவழப்பு. கழுவிய சிப்பியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடத்தில் வாய் திறந்ததும் எடுங்கள். திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். சதையை வழித்து, ஓட்டுத் துணுக்கு போகக் கழுவி, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு பிரட்டி வையுங்கள். தேங்காய் எண்ணெயில் தேங்காய்க்கீற்று, சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை சிவந்த பிறகு சதையைப் போட்டு, தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே வருகிற வரை வறுத்தால் போதும். ஊரில் போய் அம்மாவுக்கு இப்படிச் செய்து கொடுத்தேன், மட்டிக்குப் பதில் இனிமேல் இதுதான் என்றார். மட்டியோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தவிர்க்கவும்.

லைசென்ஸ் வேணுமா? மானியம் உண்டா?

ஆறும் காயலும் நம் சொத்து இல்லை. கேரளத்தில் மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் (2005) 2023இல் திருத்தப்பட்டபோது சிப்பி, மட்டி வளர்ப்பும் அதன் கீழ் வந்தது, ஆகவே பதிவு பற்றியும் விசாரியுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்குத் திட்ட மதிப்பில் 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று மானியம் வைத்திருக்கிறார்கள். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்து சரிபார்த்த பிறகுதான் கைக்கு வரும். அதை நம்பி வட்டிக்கு வாங்க வேண்டாம்.

ஹோட்டல்காரங்க தனித்தனிச் சிப்பியா கேக்கிறாங்க. எங்ககிட்ட கொத்தாத்தான் இருக்கு.

சரத்தில் வளர்ந்தது கொத்தாகத்தான் வரும், உருவமும் கோணல்மாணலாக இருக்கும். சதைக்கு அது குறையில்லை. ஓட்டோடு தட்டில் வைக்கிற ஹோட்டலுக்கு அழகான தனிச் சிப்பி வேண்டும், எண்ணிக்கைக் கணக்கில் நல்ல விலையும் கொடுப்பார்கள். மார்ச் வாக்கில் கொத்தைக் கவனமாகப் பிரித்து, உடையாததை வலைத்தட்டில் வைத்து மறுபடி தொங்கவிட்டு, அடிக்கடி குலுக்கினால் ஓரம் உடைந்து உடைந்து ஆழமான கிண்ணம் போல வளரும். வேலை அதிகம், எல்லாவற்றையும் இப்படிச் செய்ய முடியாது. ஆர்டர் கையில் இருக்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

அனுப்பும்போது குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்கி, நனைத்த சாக்கால் மூடி, குளிர்ச்சியாக வையுங்கள். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும். லேசாகத் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

இது தூத்துக்குடியில தொடங்குனதுன்னு சொல்றீங்க. அப்ப நம்ம ஊர்ல ஏன் இல்ல? தமிழ்நாட்டுல எங்க செய்யலாம்?

நம் ஆட்கள் மட்டி தின்றாலும் சிப்பிச் சதை தின்று பழகவில்லை. என் கணிப்பில் பெரிய தடை அதுதான். கேரளத்தில் வளர்ப்பு வருவதற்கு முன்பே கல்லிலிருந்து கொத்தித் தின்கிற பழக்கம் இருந்தது. அதனால் விளைந்ததை வாங்க ஆள் இருந்தார்கள்.

இரண்டாவது கழிமுகம். தமிழ்நாட்டில் பல முகத்துவாரங்கள் மழையில்லாத மாதங்களில் மணல் அடைத்து மூடிக்கொள்ளும், முட்டுக்காடு அதற்கு உதாரணம். மூடினால் ஏற்ற இறக்கம் நின்றுபோகும், சிப்பிக்குத் தீனி நின்றுபோகும். எண்ணூர் மாதிரி ஆலைகள் சூழ்ந்த இடத்தில் ஒட்டிக்கிடக்கிற சிப்பியை நான் தின்னமாட்டேன், வளர்க்கவும் சொல்லமாட்டேன். பரங்கிப்பேட்டை வெள்ளாறு, பழவேற்காடு, தூத்துக்குடிக் கழிகள் போன்ற இடங்களில் முகம் எத்தனை மாதம் திறந்திருக்கிறது, உப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எங்கள் நவம்பர்–மே கணக்கை அப்படியே எடுத்துப்போகாதீர்கள். உங்களுக்கு வடகிழக்கு மழை அக்டோபரில் தொடங்குகிறது, நாங்கள் சரம் கட்டுகிற மாதத்தில் உங்கள் ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும்.

மே மாசம் எல்லாம் எடுத்துட்டா, அடுத்த நவம்பர் வரைக்கும் சும்மாவா இருப்பீங்க?

அறுவடை முடிந்ததும் வெள்ளம் வருமுன் கழிகளைப் பிடுங்கிக் கரையேற்ற வேண்டும். ஆற்றில் விட்டால் ஜூலையில் அவை யாருடைய வலையையோ கிழிக்கும். கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, இற்றுப்போனதை ஒதுக்குவோம். ஓடுகளில் கிண்ணம் போலக் குழிந்த பெரிய ஓடுகளைப் பொறுக்கி, முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்போம். அழுகல் வாடை போய் வெளுத்த பிறகுதான் துளை போடுவது. மிச்ச ஓடு சுண்ணாம்புக்காரருக்குப் போகும். செப்டம்பர், அக்டோபரில் குழுக் கூட்டம் போட்டு யாருக்கு எத்தனை பந்தல், கூலி எவ்வளவு, சோதனைக்கு யார் சதை கொண்டுபோவது என்று பேசி எழுதிக்கொள்வோம். ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து இறக்கத் தண்ணீரைப் பார்க்கத் தொடங்குவதும் அப்போதுதான்.